ஃபோல்ட் யார் பக்கம்

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

நாட்டுக்குச் சுதந்திர தினம். எங்களுக்கு வாடகை வீட்டில் இன்னொரு ஞாயிறு. காலையில் வீட்டுக்காரர் வந்தார். சுவர்க்கடிகாரத்துக்காக நான் அடித்திருந்த ஆணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதற்கு அவர் நன்றாக ஏசியிருக்கலாம். அவர் போனதும் என் கணவர் நபீல் ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தை மேசையில் சாய்த்து வைத்தார். இனி இந்த வீட்டில் மணி பார்க்கக் குனிய வேண்டும்.

எனக்குக் காணி இல்லாமல் இல்லை. கலகெதர ஏற்றத்தில் வாப்பா விட்டுப்போன நிலம். வாப்பா மௌத்தாகி ஐந்து வருடம். அண்ணன் றிஸ்வி நானாவுக்கு இரண்டு பங்கு, அதில் பழைய வீடும் சேர்த்தி. எனக்கு ஒரு பங்கு. அது மார்க்கம் சொன்ன கணக்கு, அதில் எனக்கு வழக்கே இல்லை. வழக்கு எல்லாம் நடுவில் இருக்கும் பலா மரத்தடியைப் பற்றியது. வாப்பா எல்லைக் கல்லைத் தன் கையால் மரத்துக்கு அந்தப் பக்கம் நட்டார். அதன்படி மரமும் அதன் அடியில் உள்ள சமதரைத் துண்டும் என்னுடையவை. வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து ஒரு வாரத்தில் போய்ப் பார்த்தால் கல் மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

"கல்லு எப்பவும் அங்கதானே ஈக்கி" என்றார் நானா.

"கல்லு நடக்கிறல்ல நானா, நான் புவியியல் டீச்சர்" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் அவர் வாசல் பக்கம் வந்தால் நான் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் போய்விடுவேன். அந்தச் சமதரை இல்லாவிட்டால் என் பங்கு முழுக்கச் சரிவு. அதில் ஆடு நிற்கும், வீடு நிற்காது. கட்டுகஸ்தோட்டையில் நானாவுக்கு ஹார்ட்வெயார் கடை. ஊரில் யார் வீடு கட்டினாலும் அவரிடம்தான் சிமெந்து. என் வீட்டுக்குச் சிமெந்து கம்பளையிலிருந்து வரும். அது மட்டும் நிச்சயம்.

பெப்ரவரி 13, செவ்வாய்

பதினோராம் வகுப்புக்குப் பூமியதிர்ச்சிப் பாடம். இலங்கை தட்டின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது, ஆகவே நமக்குப் பயமில்லை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அடுப்பின் ஓரத்தில் வைத்த சட்டி சரியும், நடுவில் வைத்தது நிற்கும் என்று உதாரணமும் கொடுத்தேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். என் மகள் ஸனாவும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். அவள் மட்டும் எழுதவில்லை, வீட்டில் கேட்டது போதும் என்ற மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 22, வியாழன்

பூமி அதிர்ந்தது!

மூன்றாம் பாடவேளை. மேசையில் சோக்குத் துண்டு தானாக உருண்டது. கூரைத் தகரம் கடகடத்தது. லொறி ஒன்று போகிறது, உட்காருங்கள் என்று நான் அதட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் லொறி போகும் வீதியே இல்லை. பின் வரிசையிலிருந்து ஸனா, "டீச்சர், சட்டி சரியுது" என்றாள். வகுப்பே சிரித்தது. இவளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம்.

யாருக்கும் ஒன்றுமில்லை. கலகெதரப் பக்கம் ஒன்றிரண்டு சுவர்களில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பாம். நபீல் சொல்கிறார், வாடகை வீட்டில் இருப்பதில் இப்படி ஒரு நன்மையும் உண்டு, வெடித்தால் வீட்டுக்காரருக்கு.

மார்ச் 2, சனி

வீடு கட்ட மேசன் பேசியாகிவிட்டது. தெல்தோட்டைக் கஜேந்திரன் பாஸ். நல்ல வேலைக்காரர், வாய்தான் நிற்காது. சரிவை வெட்டியாவது கட்டலாமா என்று காணியைப் பார்த்துவரச் சொல்லியிருந்தேன். பின்னேரம் ஃபோனில் கோல் எடுத்தார்.

"டீச்சர், கவர்மெண்டு ஆளு ஒருத்தரு வந்திருந்தாரு. சின்னப் பையன். பெட்டி, வயரு எல்லாம் கொண்டாந்து பலா மரத்துக்கிட்ட வச்சு என்னமோ பாத்தாரு. ஒங்க அண்ணன் வந்து பேசுனாரு. பேசிக்கிட்டு இருக்கையிலேயே அண்ணனுக்கு மொகம் வெளுத்துப்போச்சு. வேகமா உள்ள போயிட்டாரு. அந்தப் பையன் பாவம், காத்துக்கிட்டயா பேசுறதுன்னு நின்னாரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் எதுக்குங்க டீச்சர் கவர்மெண்டுகிட்ட? நானும் வந்துட்டேன்."

நானாவின் முகம் வெளுப்பதா? எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வரிக்காரராக இருக்கும்.

மார்ச் 9, சனி

நானா வந்தார்.

இந்த வாடகை வீட்டுக்கு முதல் தடவையாக வந்தார். கையில் வட்டிலப்பம். கதிரையில் உட்காரவில்லை. மேசையில் சாய்ந்திருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஷஹ்மா, ஃபோல்ட் என்ட பக்கம்தான். கல்ல நான்தான் மாத்தின. வாப்பாட கத்தத்து அண்டைக்கி, நீங்க எல்லாரும் சோறு தின்னக்குள்ள. நோம்பு வாரத்துக்கு முந்தி செல்லிப்போடணும். பலா மரத்தடி ஒன்ட. நீ மாப் செய்யணும்."

நான் ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அழுதுவிட்டேன். நானாவும் அழுதார். நபீல் வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டு வந்து, "முதல்ல சாப்பிடுங்க, உப்புத்தண்ணி பட்டா பழுதாகிடும்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். எனக்கு வீடும் வருகிறது, நானாவும் வருகிறார்.

மார்ச் 17, ஞாயிறு

நோன்பு. பாஸ் கீறிய படம் வந்தது. முன்கூடமாக ஒரு சாலை, இரண்டு அறை, குசினி, எல்லாம் அந்தச் சமதரையில் அழகாக உட்கார்கிறது. சாலையில் கடிகாரத்துக்கு எந்தச் சுவர் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

பெருநாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு வாப்பாவின் வீட்டில் சாப்பிட்டேன். நானாவின் மனைவி, மச்சி, என் தட்டில் இறைச்சியை வைத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுப் பலாக்கொட்டைக் கறிக்கு இனி நான்தான் பலாக்காய் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நானா பள்ளிவாசலில் எல்லாரிடமும் தங்கச்சி வீடு கட்டப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். நான்தான் இத்தனை வருடம் வீம்பு பிடித்தேனோ?

ஏப்ரல் 27, சனி

அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கப் போனோம். பலா மரத்தடியில் ஒரு இளைஞர் குந்தியிருந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணும் பாறையும் பார்க்கும் அதிகாரி. பாஸ் காதில் சொன்னார், "இவருதான் டீச்சர், அன்னைக்கு வந்த பையன்."

சிங்களத்தில்தான் பேசினோம். மரியாதையான பிள்ளை. படம் ஒன்றை விரித்தார். மலையிலிருந்து கீழே ஓடும் ஓயா வரை ஒரு சிவப்புக் கோடு. அது எங்கள் காணிக்குள் வந்து, பலா மரத்தைத் தொட்டு, என் சாலை, என் இரண்டு அறை, என் குசினி வழியாகக் கீழே இறங்குகிறது.

"ஃபோல்ட் எகக்" என்றார்.

ஃபோல்ட். பிளவு. நான் இத்தனை வருடம் கரும்பலகையில் கீறிக் கீறிக் காட்டிய அதே கோடு. பரீட்சைக்கு வரும், என் குசினிக்கு வரும் என்று நினைக்கவில்லை. பழைய பிளவுதானாம், பெரிதாக ஒன்றும் வராதாம். ஆனால் மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கினால் சரிவு அசையும், அதன் மேல் கட்டினால் சுவர் நிற்காது, இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். தரை அந்த இடத்தில் மட்டும் சமமாக இருப்பதே அதனால்தானாம்.

பிறகு அவர் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. "உங்கள் அண்ணனிடம் முன்பே சொன்னேனே. மார்ச் மாதம் வந்தபோது."

மார்ச் மாதம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தூக்கம் இல்லை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அந்த அதிகாரி வந்து சொல்கிறார், அடுத்த சனிக்கிழமை நானா வட்டிலப்பத்தோடு வருகிறார். வெடிக்கிற நிலத்தைத் தங்கச்சியின் தலையில் கட்டிவிட்டு அழுதும் காட்டினாரே! நான் வேறு மாப் செய்தேன். பெருநாளைக்கு அவருக்குச் சாரம் வேறு எடுத்துக் கொடுத்தேன்! என்ன நடிப்பு, அல்லாட காவல். கல்லை வைத்து ஒரு தடவை எடுத்தார், கண்ணீர் விட்டு ஒரு தடவை கொடுத்தார், இரண்டு தடவையும் ஏமாந்தது நான்தானா? என்னயன் இது? கூடப் பிறந்தவள்தானே நான்?

நபீல் சொல்கிறார், "நேரா பெய்த்து கேளுங்களேன்." கேட்கத்தான் போகிறேன்.

மே 1, புதன்

பாஸுக்குச் சொல்லிவிட்டேன், வேலை இல்லை என்று. "அப்ப கயிறு?" என்றார். கயிற்றை என்ன செய்வது? சுருட்டுங்கள் என்றேன்.

மே 4, சனி

கடைக்கே போனேன். வாடிக்கையாளர்கள் நின்றார்கள், கவலைப்படவில்லை.

"பிளவு ஈக்கிற தெரிஞ்சிதானே எனக்கு அந்த எடத்த தந்த?" என்று கேட்டேன்.

"என்ன பிளவு?" என்றார் நானா.

"அந்த அதிகாரி ஒங்களுக்கு செல்லலயா?"

நானா கடைக்குள் சுற்றும் முற்றும் பார்த்தார். என்னைச் சிமெந்து அடுக்கியிருக்கும் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசு. அந்தப் பொடியன் பெட்டியொண்டோட வந்தீந்த. கல்லுக்குக் கிட்ட நின்டு கையக் காட்டி, 'மேக்க ஹெல்லிலா தியெனவா' எண்டு சென்ன. இது அசைஞ்சீக்காம். நான் நடுங்கிட்ட. பொறகு என்ட மொகத்தப் பாத்து, 'ஃபோல்ட் எக ஒயாகெ பெத்தே தமய்' எண்டுட்டான். ஃபோல்ட் என்ட பக்கம்தானாம். அல்லாஹ், அஞ்சி வருஷத்துக்கு முந்தி நான் கல்லு மாத்தின, மெஷின் வெச்சி கண்டுபுடிச்சிட்டாங்க எண்டு நெனச்ச! மிச்சத்த கேக்க ஏலாம உள்ள பெய்த்த."

நான் அப்படியே சிமெந்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஒரு சொல்தான் இங்கிலீஷ். கடையில் நாள் முழுக்க, தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ஃபோல்ட் யாருடையது, பெயின்ட் உரிந்தால் ஃபோல்ட் யாருடையது என்று சண்டை பிடிக்கிறவர். அவருக்கு ஃபோல்ட் என்றால் குற்றம். எனக்கு ஃபோல்ட் என்றால் பிளவு. அந்தப் பிள்ளை பாறையைச் சொன்னான், நானாவின் மனச்சாட்சி தன்னைச் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டது.

நான் மெதுவாக விளக்கினேன். பதினோராம் வகுப்புக்குச் சொல்வது போல, சிமெந்துத் தூசியில் விரலால் கோடு கீறிக் காட்டினேன். நானா நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது கவலை இல்லை. வருத்தமும் இல்லை.

"அப்ப நான் சும்மாவா மாப் கேட்ட?"

"சும்மா இல்லயே. கல்ல மாத்தினது உண்மதானே."

"அதில்ல, ஷஹ்மா..." கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையில் கையை வைத்தார். "கல்ல பூமி தள்ளினதெண்டு சென்னீக்கலாமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன்னால் நின்ற வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரமாக இந்த மனிதரை மனதுக்குள் எப்படியெல்லாம் திட்டினேன். நானா என்னை ஏமாற்றவில்லை என்பதே எனக்கு வீடு கட்டியது போல இருந்தது.

மே 5, ஞாயிறு

வீடு கட்டவில்லை என்பது இன்று காலை நினைவுக்கு வந்தது.

மே 18, சனி

அதிகாரி வந்து, எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். நானாவின் பக்கம் அவ்வளவு பாதிப்பில்லை. வாப்பாவின் வீடு கோட்டுக்கு நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறது, அதற்கும் கோட்டுக்கும் நடுவில் உறுதியான மேடு, மிளகுக் கொடிகள். என் பக்கம் துணிக்கு அப்பால் மிஞ்சுவது சரிவு மட்டும்.

"கோழிக்கூடு ஒண்டு கட்டலாம்" என்றார் நபீல். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடம் அந்தத் துண்டுக்காகச் சண்டை. இப்போது அது என்னுடையது, முழுக்க என்னுடையது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஜூன் 2, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணமாம், வருட முடிவில் வீடு வேண்டுமாம். இதைச் சொல்லும்போதும் பெருமூச்சு விட்டார். இந்த முறை நானும் விட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். நானா எல்லாரையும் காணிக்கு வரச் சொன்னார். நான், நபீல், ஸனா, மச்சி, அவர்களுடைய பிள்ளைகள். கஜேந்திரன் பாஸையும் ஏன் கூப்பிட்டார் என்று விளங்கவில்லை.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பு அலவாங்கை எடுத்தார். வாப்பாவின் எல்லைக் கல்லை ஆட்டி ஆட்டிக் கிளப்பினார். பாஸ் உதவிக்கு வர, "நீங்க பாத்துக்கொண்டு நில்லுங்க, அதுக்குத்தான் கூப்பிட்ட" என்றார். கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு பலா மரத்தைத் தாண்டி, சிவப்புத் துணிகளைத் தாண்டி, தன் மிளகுக் கொடிகளுக்குள் நடந்தார். வாப்பாவின் வீட்டு முற்றத்துக்குக் கிட்டப் போய்த்தான் இறக்கினார்.

"இதுவரைக்கும் ஷஹ்மாட."

மச்சியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். "பெருநாளைக்கி எறச்சி குடுத்தா போதாதா, காணியும் குடுக்கணுமா?" என்று எல்லாருக்கும் கேட்க முணுமுணுத்தார்.

"நானா, இது ஒங்கட பங்கு. எனக்கு இதில உரிமயில்ல" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

நானா மூச்சு வாங்கிக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தார். "அண்டைக்கி நான் தந்தது மெஷினுக்குப் பயந்து தந்தது. அல்லாட கணக்கில அது சேருமா சேராதா எண்டு தெரியா. இப்ப ஒருத்தருக்கும் பயமில்ல. அதனால தார."

அப்போது பாஸ் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, கல்லு கொஞ்சம் கோணலா இருக்குங்க."

நானா எழுந்து நேராக்கினார். முணுமுணுத்த மச்சிதான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்கு மட்டும் சீனி குறைவு.

செப்டெம்பர் 1, ஞாயிறு

மிளகுக் கொடி மேட்டில் அத்திவாரம் போட்டாயிற்று. சிமெந்து கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தது. பாஸ் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்: "பூமி ஆடுனா என் வேலைய குத்தம் சொல்லக்கூடாது டீச்சர். சிமெந்தையும் சொல்ல முடியாது, ஒங்க அண்ணன் குடுத்தது." அப்படியென்றால் யாரைத்தான் சொல்வது?

நவம்பர் 10, ஞாயிறு

பலா மரம் காய்க்கும் பருவமில்லை. இருந்தும் ஒரே ஒரு காய். மச்சிக்கு அனுப்பினேன். சட்டி திரும்பி வந்தபோது பாதிக் கறி இருந்தது.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

குடி வந்தோம். வீட்டுக்காரர் மகனின் கல்யாணம் தள்ளிப்போனதால்தான் இதுவரை அவர் எங்களைப் பொறுத்துக்கொண்டார். பெயின்ட் இன்னும் காயவில்லை, ஒரு அறைக்குக் கதவும் இல்லை. முதல் வேலையாகச் சாலைச் சுவரில் ஆணி அடித்தேன். பெருமூச்சு விட ஆளில்லை. நிமிர்ந்து மணி பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

நானா வந்து மதில் எங்கே கட்டுவது என்று கேட்டார். பிறகு பார்ப்போம் என்றேன். அவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூடத்துக்கு நோன்பு லீவு. ஸனா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். "உம்மா, பிளவு எண்டா என்ன, ஒரு வசனத்தில செல்லுங்க" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். பரீட்சையில் அப்படி எழுத ஏலாது என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை சாசரில் கிலுகிலுத்தது. லொறி என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஸனா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். நபீல் துவாயோடு ஓடி வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து நானா, மச்சி, பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். மதில் கட்டாத முற்றத்தில், வாப்பாவின் கல்லைச் சுற்றி, இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே கூட்டமாக நின்றோம். மச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓதினார். தூரத்தில் பலா மரம் இலையை உதறியது, அவ்வளவுதான். நின்றுவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தேன். கடிகாரம் மட்டும் விழுந்திருந்தது. கண்ணாடி உடையவில்லை. மேசையில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நானாவும் தன் வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒன்ட பக்கம் வெடிப்பு ஒண்டும் ஈக்கா?"

"இல்ல நானா. ஒங்கட?"

"சாலயில மயிர் போல ஒண்டு." கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். பிறகு சொன்னார், "ஃபோல்ட் என்ட பக்கம்தான்."

இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார். ஊற்றி வைத்த தேத்தண்ணி போதாது என்று உள்ளே போய்க் கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தேன்.